இரண்டு ஆந்தைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு, மூன்றாவது மாடி வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் வால்வு. அவருடைய மகள், மடியில் ஒரு படிவத்துடன். மருமகன், மடியில் ஒரு பிஸ்கட் தட்டுடன். வால்வின் உயிர் நண்பர் ஆந்தை. அப்புறம், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இன்னோர் ஆந்தை.

"நான்தான் ஆந்தை," என்றார் வாசலில் நின்றவர்.

மகள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆந்தையைப் பார்த்தாள். அவர் வால்வைப் பார்த்தார். வால்வு மருமகனைப் பார்த்தார். மருமகனுக்குப் பார்க்க யாரும் மிச்சமில்லை. பிஸ்கட்டைப் பார்த்தார்.

எல்லாம் அந்தப் படிவத்தால் வந்தது.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. குணமான வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் பிரிவு. அங்கே எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. போன மாதம் வால்வு குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு மணி நேரம் எழ முடியாமல் கிடந்தார். அவரைக் கேட்டால் இருபது நிமிஷம் என்பார். மீதி நேரம், தொட்டிக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறது என்று வசதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மகள் இதை நம்பவில்லை. மறுநாளே படிவத்தோடு வந்துவிட்டாள்.

ஆறு கேள்விகளை வால்வு சமாளித்தார். ஏழாவதில் மாட்டினார்.

"குடும்பத்துக்கு வெளியில நெருங்கின நண்பர் ஒருத்தராவது இருக்காரா?"

"இந்த வயசுல எதுக்கு நண்பன்? வயசுல சுத்துறதுக்குத் துணை வேணும். இப்ப நான் சுத்துறது கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவுல. அதுக்கு ஆள் சேர்க்கணுமா?"

"விழுந்தீங்களேப்பா, அதுக்குத்தான்."

"நண்பன் இருந்தா விழமாட்டேனா?"

"விழுவீங்க. ரெண்டு மணி நேரம் கிடக்கமாட்டீங்க. தினம் ஒரு போன், வாரத்துல ரெண்டு நாள் எட்டிப் பார்க்க ஒரு ஆள். இருந்தா இங்கேயே இருங்க. இல்லைன்னா எங்க வீட்டுக்கு வந்துடணும். வாஷிங் மெஷின் பக்கத்து ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன்."

அந்த அறை வால்வுக்குத் தெரியும். மெஷின் சுற்ற ஆரம்பித்தால் சுவரும் கூடவே நடுங்கும். வாழ்நாளில் பாதியை நடுங்குகிற இயந்திரத்தின் பக்கத்தில் கழித்தவர் அவர். மனைவி போன பிறகு இந்த வீட்டின் நிசப்தத்தோடு சண்டை போட்டு, ஒருவழியாக அதனுடன் சமாதானமாகி, இப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கின்றன. இதை விட்டுவிட்டுப் போவதா?

"இருக்கான்," என்றார்.

"யாரு?"

"ஆந்தை."

சொல்லும்போது அது பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்பு நிலையத்தில் வால்வும் ஆந்தையும் இருபத்தாறு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். இரண்டும் அங்கே விழுந்த பட்டப்பெயர்கள்தான். வால்வு பகல். ஆந்தை இரவு. ஷிஃப்ட் மாறும்போது காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் பம்பை ஆறவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் ஒருவர் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், மற்றவர் வந்து வாங்கிக்கொள்வார். இவர் வரும்போது நாற்காலியில் அவருடைய சூடு கூட மிச்சமிருக்காது. இருபத்தாறு வருஷத்தில் நேருக்கு நேர் பார்த்தது நான்கு தடவை, சங்கக் கூட்டங்களில். நான்கு தடவையும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

நட்பு முழுவதும் மேசை இழுப்பறையில் நடந்தது.

முதல் சீட்டை வால்வுதான் எழுதினார். 'இரண்டாம் பம்பில் சத்தம் வருகிறது. இன்று இரவு அதை ஓட்ட வேண்டாம்.' மறுநாள் காலை வந்து பார்த்தால் சீட்டைக் காணோம், பம்பு கருகிக் கிடந்தது. அதற்கும் மறுநாள் இழுப்பறையில் அழகான கையெழுத்தில் பதில் இருந்தது: 'சரி, ஓட்டவில்லை. சொன்னதற்கு நன்றி.' வால்வு முதலில் கொதித்தார். பிறகு எரிந்த பம்பைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், தனியாக நின்று சிரித்தார். இவ்வளவு நக்கல் பிடித்த ஆளோடு பழகாமல் விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

அதிலிருந்து தினம் ஒரு சீட்டு. பதில் எப்போதும் ஒரு நாள் தள்ளித்தான் வரும். நேற்றைய ஜோக்குக்கு நாளைக்குத்தான் சிரிப்பு. ஆந்தை யோசிக்காமல் எதையும் எழுதமாட்டான் என்று வால்வு அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். 'இந்த மேசை விசிறி நம் மேலதிகாரி மாதிரி, எதைக் கேட்டாலும் இல்லை இல்லை என்று தலையாட்டுகிறது' என்று இவர் எழுதினால், 'அதனிடம் லீவு கேட்டுத் தொலைக்காதே' என்று வரும். ஆந்தையின் சீட்டில், அடுப்படி ஜன்னலில் கூடு கட்டிய புறா, காயப்போட்ட துணியை எடுத்து முடித்ததும் நின்றுபோன மழை என்று எதையாவது நான்கு வரி எழுதியிருக்கும். காலையில் கையில் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்ததும், விளக்கைப் போடுவதற்கு முன்பே வால்வு இழுப்பறையை இழுப்பார். அரை இருட்டில், ஜன்னல் வெளிச்சத்தில் படிப்பார். அப்புறம்தான் பம்புக்கே குட்மார்னிங். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார். முடிந்த குறிப்பைச் சேர்த்து வைப்பது பம்பு நிலையத்தில் வழக்கமில்லை.

ஓய்வு பெற்ற அன்று கடைசிச் சீட்டை வைத்தார். பதில் மறுநாள் வந்திருக்கும். மறுநாள் அந்த இழுப்பறையைத் திறக்க அவருக்கு அதிகாரமில்லை. காவலாளியிடம் சொல்லி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

பழைய மேஸ்திரியிடம் ஆந்தையின் எண்ணை வாங்கிப் படிவத்தில் எழுதினார். பிரச்சினை தீர்ந்தது என்று பேனாவை மூடினார்.

"ஞாயித்துக்கிழமை அவரை வரச் சொல்லுங்கப்பா. நான் பார்க்கணும்," என்றாள் மகள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆந்தைக்குப் போன் செய்தார். ஒரு பெண் குரல் எடுத்தது.

"அவர் தூங்குறாருங்க."

மூன்று மணிக்குச் செய்தார். தூங்கிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கும் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அவர் ரிட்டையர் ஆயிட்டார்தானே?"

"ஆயிட்டார். அவர் உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லல. யார் பேசுறதுன்னு சொல்லட்டும்?"

எட்டு வருஷமாகப் பேசாதவன் என்று சொல்வதா? அதற்கு முந்திய இருபத்தாறு வருஷமும்தான் பேசவில்லை. போனை வைத்துவிட்டார்.

அதனால்தான் முனைக்கடை முடிவெட்டுபவரிடம் போனார். கழுத்தில் துணியைக் கட்டினால் வால்வு ஆந்தைக் கதையை ஆரம்பித்துவிடுவார். எட்டு வருஷமாக, மாதத்துக்கு ஒரு தடவை, அந்த மனிதர் அதைக் கேட்டு வந்திருக்கிறார்.

"ஒரு மணி நேரம் ஆந்தையா இருக்கணும். முடியுமா?"

"என்னண்ணே கேள்வி இது? ஆந்தையை உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். நீங்க ஒரு தரம் படிச்சுட்டுக் கிழிச்சீங்க. நான் நூறு தரம் கேட்டிருக்கேன்."

ஞாயிறு பதினோரு மணிக்கு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் பிரமாதமாகப் போயிற்று. மகள் கேட்கக் கேட்க எடுத்து விட்டார். விசிறி ஜோக்குக்கு மருமகன்கூடச் சிரித்து, பிஸ்கட் தூள் மூக்கில் ஏறி இருமினார். மகள் படிவத்தில் ஏழாம் கேள்விக்கு எதிரே பேனாவைக் கொண்டுபோன நேரத்தில்தான் அழைப்பு மணி அடித்தது.

"நான்தான்பா நேத்து அந்த நம்பருக்குப் போன் பண்ணேன்," என்றாள் மகள் இப்போது. "எதுக்கும் ஒரு தரம் ஞாபகப்படுத்திடலாம்னு. அந்தம்மா, கண்டிப்பா கூட்டிட்டு வரேன்னாங்க. காலையில இவர் வந்ததும் சரி, முன்னாடியே வந்துட்டார்னு நினைச்சேன். இப்ப இவர் யாரு?"

"இவரும் ஆந்தைதான்," என்றார் வால்வு.

"ரெண்டு பேருமா?"

"ராத்திரி வேலைம்மா. ஒருத்தருக்குத் தூக்கம் வந்தா இன்னொருத்தர் வேணும்ல?"

"ஒரே நாற்காலின்னு சொன்னீங்க."

"மாத்தி மாத்தி உட்காருவாங்க."

வாசலில் நின்றவர் உள்ளே வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டையான மனிதர். கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள். "நான் தனியாத்தான் இருந்தேன்," என்றார். "வேற யாரும் இல்ல. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். வீட்டுக்காரி கீழ படியில உட்கார்ந்திருக்கா. மூட்டு வலி. அவதான் போ போன்னு அனுப்பினா."

மகள் படிவத்தைத் திருப்பி வைத்தாள். வெள்ளைப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டாள். ஆஸ்பத்திரியில் இப்படிக் கோடு போட்டுத்தான் யார் உண்மையாகவே வலி என்கிறார்கள், யார் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் என்கிறார்கள் என்று கண்டுபிடிப்பாளாம்.

"மேசை விசிறியைப் பத்தி அப்பா என்ன எழுதினார்?"

"எதைக் கேட்டாலும் இல்லைன்னு தலையாட்டுதுன்னு," என்றார் முடிவெட்டுபவர் பட்டென்று. "அதுகிட்ட லீவு கேட்காதேன்னு நான் பதில் எழுதினேன்."

மகள் சோபாவைப் பார்த்தாள்.

"விசிறி இருந்துச்சா?" என்றார் கட்டை மனிதர். "இருந்திருக்கும். ராத்திரியில குளிரும். நான் போட்டதில்ல."

"இரண்டாம் பம்பு?"

"அது எரிஞ்சுபோச்சு," என்றார் கட்டை மனிதர், முதல் முறையாக முகம் தெளிந்து. "நல்லாத்தான் ஓட்டிட்டு இருந்தேன். ஏன் எரிஞ்சதுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல."

"ஜன்னல்ல புறா கூடு கட்டினது?"

"எந்தப் புறா?"

"ரெண்டு முட்டை," என்றார் முடிவெட்டுபவர். "ஒண்ணு கீழே விழுந்து உடைஞ்சது. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வால்வுக்கே ஒரு கணம் யார் உண்மை என்று சந்தேகம் வந்தது.

மகள் பேனாவை மூடினாள். "அப்பா, இந்த ரெண்டாவது ஆளை எங்கேர்ந்து பிடிச்சீங்க? நடிக்க வரவருக்குக் கொஞ்சமாவது சொல்லிக் கொடுக்க வேண்டாமா?"

கட்டை மனிதர் கோபிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பம்பு நிலையம், இரவுப் பணி, புகைப்படம். அப்போதே கண்ணுக்குக் கீழே பைகள்.

முடிவெட்டுபவர் அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். அவருடைய கண் வெகுநேரமாகவே மருமகனின் காதோரத்தில் இருந்தது. பதற்றம் வந்தால் கை தானாகவே தொழிலுக்குப் போய்விடும் போலிருக்கிறது. எழுந்து போய், மருமகனின் தலையை இரண்டு விரலால் பிடித்து, லேசாக இடப்பக்கம் சாய்த்தார்.

"யார் வெட்டிவிட்டா உங்களுக்கு? ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருக்கு."

மருமகன் தலையைச் சாய்த்தபடியே, பிஸ்கட்டை வாயில் வைத்தபடியே சொன்னார்: "மாமா, இவர் முனைக்கடைக்காரர். எங்க கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஷேவ் பண்ணிவிட்டதே இவர்தான்."

"தெரிஞ்சுதான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்களா?" என்றாள் மகள்.

"நல்லாப் பேசிட்டிருந்தாரு. எதுக்குக் கெடுக்கணும்?"

முடிவெட்டுபவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கம்மா. ஆனா நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. ஆள்தான் பொய்." வால்வின் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் வாங்கண்ணே, பின்கழுத்து வளர்ந்திருச்சு. கீழ அந்தம்மாவை மேல போகச் சொல்றேன், பாவம், எவ்வளவு நேரம் படியில உட்காருவாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மிச்சமிருந்தது உண்மையான ஆந்தை மட்டும்.

வால்வு நாற்காலியை சோபாவின் அருகே நகர்த்திப் போட்டார். மகளையும் படிவத்தையும் அவர் மறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். சீட்டில் நீ என்று எழுதியவரை நேரில் நீங்க என்றார்.

"மழையைப் பத்தி எழுதினீங்களே. துணியை எடுத்து முடிச்சதும் நின்னு போச்சுன்னு. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லங்க."

"என் பேனா ஒழுகினதுக்கு, அதுக்கும் ஒரு வால்வு போடுன்னு எழுதினீங்க. நான் ஒரு வாரம் சிரிச்சேன்."

"நல்லா இருக்கே," என்றார் ஆந்தை மரியாதைக்கு.

வால்வு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறதி நோய் என்றால் பார்த்தால் தெரியும், அதற்கு ஒரு தவிப்பு இருக்கும். இதில் அது இல்லை. சந்தையில் யாரோ ஒருவரிடம் வழி கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் காலையில் விளக்கைப் போடுவதற்கு முன்பே இழுப்பறையைத் திறந்த ஆள் ஒருவர், இங்கே. எழுதிப் போட்டதை அன்றே மறந்த ஆள், அங்கே. பாதி நட்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் முழு வாழ்க்கையை ஓட்டியிருக்கிறான். குளியலறையில் விழுந்தபோது கூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

மகளும் அதைக் கவனித்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு கேள்வி. இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டீங்கன்னா நான் ஆமான்னு போட்டுடறேன். அம்மா தவறின நாலாம் நாளே அப்பா வேலைக்குப் போயிட்டார். அன்னிக்குச் சாயங்காலம் உங்களுக்கு என்ன எழுதி வச்சார்? நானே பல தடவை கேட்டிருக்கேன். யாருக்கும் சொன்னதில்ல அவர். அப்பா, நீங்க வாயைத் திறக்கக்கூடாது."

சோபாவிலிருந்து சீரான ஒரு சத்தம் வந்தது. பம்பு ஓடுகிற மாதிரி, தடங்கலில்லாமல். பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஆந்தை தூங்கிவிட்டார்.

மருமகன் தோளைத் தட்டினார். பலனில்லை. பிஸ்கட் தட்டை மூக்கருகே காட்டினார். அதுவும் நடக்கவில்லை.

"அப்பா," என்றாள் மகள்.

"தெரியும்," என்றார் வால்வு. "நான்தான் முதல்லயே சொன்னேனே. இந்த வயசுல நண்பன் எதுக்குன்னு. நீதான் கேட்கல."

மகள் ஏழாம் கேள்விக்கு எதிரே எழுதினாள். 'இல்லை' என்றுதான் எழுதினாள் என்பது பேனா நகர்ந்த தூரத்திலேயே அவருக்குத் தெரிந்தது. பரண் மேலிருந்து பெட்டியை மருமகன் இறக்கினார். நான்கு சட்டை, மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி. மீதியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம், ஆந்தை எழுந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்றாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படிக்கட்டு முகப்புக்குப் போனாள். வால்வு சாவியோடு வாசலில் நின்றார். பம்பு நிலையத்தில் கடைசி நாளன்றும் இதே போலத்தான் சாவியோடு நின்றார். அன்றைக்கு வாங்கிக்கொள்ள ஒரு காவலாளி இருந்தான்.

படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி. நரைத்த தலையோடு மெலிந்த ஓர் அம்மாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். கடைசிப் படியில் நின்று, திறந்த கதவு வழியே சோபாவைப் பார்த்தாள்.

"தூங்கிட்டாரா," என்றாள். ஆச்சரியமே இல்லை.

"ஆமாம்மா. எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் மகள். "உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கோச்சுக்காதீங்க. எங்கம்மா தவறின வாரம் அப்பா அவருக்கு என்ன எழுதினார்னு கேட்டேன். அதுக்குத்தான் தூங்கிட்டார்."

அந்த அம்மாள் வால்வின் பக்கம் திரும்பி, வெகுநேரம் பார்த்தாள். வெகுநாளாகத் தெரிந்த ஒருவரின் முகம் இப்படித்தான் இருக்குமா என்று சரிபார்ப்பது போல.

"ஒண்ணும் எழுதல," என்றாள். "வெறும் காகிதத்தை நாலா மடிச்சு வச்சிருந்தீங்க. அதுக்கு என்ன பதில் எழுதுறதுன்னு தெரியாம, அன்னிக்குப் பகல் பூரா நான்தான் அடுப்படியில உட்கார்ந்திருந்தேன். இவருக்கு நம்பரைத் தவிர எழுதவும் வராது, படிக்கவும் வராது. தெரிஞ்சா வேலை போயிடும்னு, வந்த சீட்டையெல்லாம் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்."

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் எதையும் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியை வாசலுக்கு உள்ளே வைத்தாள். மருமகனின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"வாங்க," என்றார் வால்வு. அந்த அம்மாள் உள்ளே வந்ததும், அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.